நாளுக்கு 45 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மாதத்தை நம்பி வீடுகளில் பல திட்டங்கள் போடுவார்கள். குரூப் 4-க்குப் படித்து முடித்துவிட வேண்டும், டிரைவிங் லைசென்ஸ் எடுத்துவிட வேண்டும், டாக்டர் சொன்னபடி ஐந்து கிலோ எடையைக் குறைத்துவிட வேண்டும். முதல் வாரம் நாளுக்கு ஐந்து மணி நேரம் போகும். மூன்றாவது வாரத்தில் புத்தகம் திறந்த பக்கத்திலேயே கிடக்கும். சுற்றியிருப்பவர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். அது தவறு. அந்தப் பேச்சை நம்பி அடுத்த முறை இன்னும் கடுமையாகத் தொடங்குகிறவர் இன்னும் சீக்கிரமாக நின்றுபோவார்.

உழைக்கும்போது உடம்பில் சில மாற்றங்கள் வருகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் கூடுகின்றன, கவனம் மெல்ல மெல்லத் தளர்கிறது. வேலையை நிறுத்தினால் இவை தாமாகப் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பி முடிவதற்குள் அடுத்த வேலையைத் தொடங்கினால், நேற்று செய்த அதே அளவு வேலைக்கு இன்று கூடுதல் முயற்சி தேவைப்படும். அந்தக் கூடுதல் முயற்சி நாளைய ஓய்வுத் தேவையை இன்னும் கூட்டும். 1998-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மெய்மனும் முல்டரும் களைப்பை இப்படித்தான் விளக்கினார்கள். உழைப்பின் அளவைக் காட்டிலும், உழைப்புக்கு ஏற்ற மீட்சி, அதாவது பழைய நிலைக்குத் திரும்புதல், கிடைக்காததுதான் ஆளைச் சாய்க்கிறது என்பது இதன் சாரம். எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு நன்றாகத் தூங்குகிறவர் பல ஆண்டு தாங்குவார். நாலு மணி நேரம் மட்டும் உழைத்து, மீதி நேரமெல்லாம் அதே கவலையில் கிடப்பவர் தாங்க மாட்டார்.

மூளைக்குள்ளும் இதற்குத் தடயம் உண்டு. 2022-ல் பாரிஸ் ஆய்வாளர்கள் சிலருக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேலாகக் கடினமான மனவேலை கொடுத்தார்கள். வேறு சிலருக்கு அதே நேரத்துக்கு எளிய வேலை. கடினமான வேலை செய்தவர்களின் முன்மூளையில், திட்டமிடவும் ஆசையை அடக்கவும் பயன்படும் பகுதியில், குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் கூடியிருந்தது. அவர்கள் உடனே கிடைக்கிற, சிரமமில்லாத பலனையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். நாள் முழுவதும் நண்டு கம்பெனியில் எடை, கணக்கு, மேற்பார்வை என்று கவனத்தைச் செலவழித்தவர், இரவு ஒன்பது மணிக்குப் புத்தகத்தை விட்டு போனை எடுப்பது இதனால்தான். அவருக்கு மன உறுதி பற்றிப் பாடம் நடத்துவதில் பயனில்லை. படிக்கும் நேரத்தை மாற்றிக் கொடுப்பதில் பயன் உண்டு.

தூக்கம்தான் மீட்சியின் பெரும்பகுதி. அதிகம் ஏமாறுவதும் அதில்தான். 2003-ல் அமெரிக்காவில் வான் டாங்கன் குழுவினர் 48 பேரைப் பிரித்து, இரவுக்கு நாலு மணி, ஆறு மணி, எட்டு மணி என்று 14 நாள் தூங்க வைத்தார்கள்; ஒரு பிரிவை மட்டும் மூன்று நாள் தூங்கவே விடவில்லை. ஆறு மணியும் அதற்குக் குறைவாகவும் தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, இரண்டு இரவு வரை முழுக்கக் கண் விழித்தவர்களின் நிலைக்கே போனது. ஆனால் அவர்களைக் கேட்டபோது கொஞ்சம்தான் தூக்கம் வருகிறது என்றார்கள். பழகிவிட்டது என்று உடம்பு சொல்வதை நம்ப முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். விடியுமுன் கரைக்குப் போய் மீன் ஏலம் எடுக்கும் பெண்ணும், வலை போட்டுவிட்டு இரவைக் கடலில் கழிப்பவரும் எந்த லட்சியத்துக்கும் நேரம் ஒதுக்குமுன் தூக்கத்துக்கு ஒதுக்க வேண்டும். இரவில் ஏழு மணி நேரம் சேராவிட்டால் பகலில் இன்னொரு தூக்கம் சேர்த்துக் கணக்கை நேராக்கலாம். பகல் தூக்கம் 20 நிமிடமாகவோ 90 நிமிடமாகவோ இருக்கட்டும். நடுவில், ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்பினால் தலை கனத்து அரை மணி நேரம் வீணாகும். காபி, டீயில் உள்ள காஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகிறது. எனவே சீக்கிரம் படுக்க வேண்டியவருக்கு மதியத்துக்குப் பிறகு டீ வேண்டாம்.

மேல் வரம்பு ஏன்

தினமும் குறைந்தது இவ்வளவு செய்வேன் என்று கீழ் வரம்பு வைப்பவர்கள் உண்டு. இதற்கு மேல் செய்ய மாட்டேன் என்று மேல் வரம்பு வைப்பவர்கள் மிகக் குறைவு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் அந்த மேல் வரம்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பன் தீவின் சின்னப்பாலத்தில் மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பாசி பறிக்கும் பெண்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பறிப்பது, இரும்புச் சுரண்டி இல்லாமல் கையால் பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டி 45 நாள் அறவே பறிக்காமல் விடுவது. பாறையில் ஒட்டியிருக்கும் அடிப்பகுதி தப்பினால் பாசி மறுபடி துளிர்க்கும். இந்தக் கட்டுப்பாட்டை அவர்கள் கரையில் உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்தார்கள் என்பதுதான் முக்கியம். தண்ணீருக்குள் இறங்கிய பிறகு, கண் முன்னே பாசி அடர்ந்து கிடக்கும்போது, போதும் என்று யாருக்கும் தோன்றாது. உற்சாகம் பொங்கும் நாளில் படிக்க உட்கார்ந்தவருக்கும் தோன்றாது. அன்றைக்கு ஐந்து மணி நேரம் ஓடும்; அதற்கான விலை மறுநாளும் அதற்கு மறுநாளும் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு ஐந்து மணி, வாரம் ஆறு நாள், மூன்று வாரம் படித்து நின்றுபோனால் 90 மணி நேரம். நாளுக்கு 45 நிமிடம், வாரம் ஐந்து நாள், 40 வாரம் படித்தால் 150 மணி நேரம். அதிலும் 150 மணியில் படித்தது கூடுதலாக நிற்கும். இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது ஒரே மூச்சில் படிப்பதைவிட நினைவில் தங்குகிறது என்பது 1885-ல் ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தன் மீதே செய்த சோதனைகளிலிருந்து திரும்பத் திரும்ப உறுதியாகி வருகிற விஷயம். குரூப் 4-ல் 200 கேள்விக்கு 100 தமிழ். பள்ளித் தமிழ்ப் புத்தகங்களைச் சிறுசிறு துண்டாக்கி 3 நாள், 10 நாள், 30 நாள் கழித்துத் திரும்பப் பார்க்க 45 நிமிடம் நன்றாகவே பொருந்தும்.

வரம்பை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் 14 நாள் இலக்கே வேண்டாம். எவ்வளவு நேரம் உண்மையில் உட்கார முடிந்தது என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள், பூஜ்ஜிய நாட்களையும் சேர்த்து. 14 நாளின் சராசரி 30 நிமிடம் வந்தால் மேல் வரம்பு 45. கீழ் வரம்பு 10. இரண்டு மாதம் தடையில்லாமல் ஓடிய பிறகுதான் மேல் வரம்பைக் கூட்ட வேண்டும், அதுவும் 10 நிமிடம் மட்டும். எத்தனை மாதத்தில் முடியும் என்று போடும் கணக்கையும் நம்பாதீர்கள். 1994-ல் கனடாவில் ஆய்வேடு எழுதும் மாணவர்களைக் கேட்டபோது சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். உங்கள் கணக்கை ஒன்றே முக்கால் மடங்காக்கிக் கொள்வது நல்லது.

நடைப்பயிற்சிக்கும் இதே விதி. கரையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: காய்ந்த மணலில் நடக்க, அதே வேகத்தில் கெட்டித் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவாகிறது. கால் புதைவதால் கெண்டைத் தசையும் கணுக்காலும் இழுத்துப் பிடிக்கின்றன. முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்தவர் நான்காம் நாள் வலியோடு நிறுத்துவது இதனால்தான். அலை நனைத்து இறுகிய ஓரத்தில் 15 நிமிடம் போதும்.

கடிகாரம் வேண்டாம்

காலை ஆறு மணிக்குப் படிப்பேன் என்ற திட்டம் அலுவலகம் போகிறவருக்கு எழுதப்பட்டது. இங்கே காற்றும் கடலும்தான் நேரத்தை வைக்கின்றன. வாடைக்காற்றில் தீவுக்கு வடக்கே உள்ள கடல் கொந்தளிக்கும், தென்மேற்குப் பருவத்துக் கச்சான் காற்றில் தெற்கே உள்ள கடல். ஒரே ஆள் பருவத்துக்கு ஒரு கரையில் தொழில் செய்வார். ஆறு மணி என்பது ஒரு நாள் தூக்கத்தின் நடு, மறுநாள் ஏலத்தின் நடு. திட்டம் உடையும், உடைந்ததற்குத் தன்னையே குறை சொல்வார்.

அதற்குப் பதிலாக நேரத்தோடு கட்டாமல் நிகழ்ச்சியோடு கட்ட வேண்டும். இது நடந்தால் இதைச் செய்வேன் என்று முன்பே சொல்லி வைத்துக்கொண்டவர்கள், வெறுமனே செய்வேன் என்று நினைத்தவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டின. வலையைக் கழுவிக் காயப்போட்டதும் கை கழுவிப் புத்தகத்தை எடுப்பேன். பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறியதும் தையல் மிஷினில் உட்காருவேன். தூண்டும் நிகழ்ச்சி தெளிவாக, தினமும் நடப்பதாக இருக்க வேண்டும். நேரம் கிடைத்தால் என்பது நிகழ்ச்சி ஆகாது.

விசைப்படகுத் தொழிலாளிக்கு ஒரு மாதிரித் திட்டம் இது. ராமேஸ்வரம் பக்கம் திங்கள், புதன், சனி புறப்பட்டு மறுநாள் காலை கரை சேருவது வழக்கம். புறப்படும் மூன்று நாளும் பூஜ்ஜியம், குற்ற உணர்ச்சி இல்லாமல். கரை சேரும் செவ்வாய், வியாழன், ஞாயிறு பகல் தூக்கத்துக்கு. மாலையில் 30 நிமிடம் மட்டும். வெள்ளிக்கிழமை 45 நிமிடம். வாரத்துக்கு இரண்டே கால் மணி நேரம். கடலில் போன் பார்த்துப் படித்துவிடலாம் என்று இதில் சேர்க்காதீர்கள். அங்கே கண் அயர்கிற நேரம் அயரத்தான் வேண்டும்.

ஒரு நாள் விட்டுப்போனால்? விட்டதை மறுநாள் சேர்த்துச் செய்யக் கூடாது. சேர்த்தால் மேல் வரம்பு உடையும், அடுத்த நாளும் விட்டுப்போகும். 2010-ல் லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரின் புதிய பழக்கங்களைக் கவனித்தார்கள். பழக்கம் தானாக ஓடத் தொடங்க நடுமட்டமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியது அந்த வளர்ச்சியைக் கெடுக்கவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சுற்றிவரும் வாட்ஸ்அப் செய்தி பல பேரை 22-ஆம் நாள் மனம் உடைய வைத்திருக்கிறது. 61 நாள் தடைக்காலமே பாதிப் பேருக்குப் போதாது.

ஓய்வும் ஓய்வாக இருக்க வேண்டும். உடம்பு பாயில் கிடக்க, மனம் முடியாத பாடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால் மீட்சி நடக்காது. இதற்குச் சோதித்த வழி, நிறுத்தும்போது அடுத்து செய்ய வேண்டியதை ஒரு வரியில் எழுதி வைப்பது: "பக்கம் 84, மூன்றாவது கணக்கிலிருந்து." 2018 ஆய்வு ஒன்றில் படுக்குமுன் ஐந்து நிமிடம் நாளைய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட சராசரியாக ஒன்பது நிமிடம் முன்பே தூங்கினார்கள். எழுதியது எவ்வளவு குறிப்பாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். கடலோர ஈரக்காற்றில் வியர்வை உலர்வதில்லை, உடம்பு குளிர்வதில்லை, வியர்வை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். எடையில் 2 சதவீதம் நீர் குறைந்தாலே கவனம் தடுமாறும்; 60 கிலோ ஆளுக்கு அது 1.2 லிட்டர். மே மாதப் பிற்பகலில் புத்தகம் மண்டையில் ஏறவில்லை என்றால் முதலில் இரண்டு செம்பு தண்ணீரோ உப்புப் போட்ட நீச்சத்தண்ணியோ குடித்துப் பாருங்கள்.

களைப்பா, அதற்கு மேலா

களைப்பு முற்றிய நிலையான பர்ன் அவுட்டுக்கு மூன்று அடையாளங்களை அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் வகுத்தார்: வற்றிப்போன களைப்பு, செய்யும் வேலை மீதே வரும் வெறுப்பு அல்லது விலகல், எதைச் செய்தும் பயனில்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய்ப்பட்டியலில் இதைத் தொழில் சார்ந்த நிலையாகச் சேர்த்தது, நோயாக அல்ல. வீட்டில் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. இரண்டு நாள் முழு ஓய்வுக்குப் பிறகு தெம்பு திரும்பினால் அது சாதாரணக் களைப்பு. திரும்பவில்லை, எரிச்சலும் வெறுப்பும் அப்படியே இருக்கின்றன என்றால் மேல் வரம்பைப் பாதியாக்க வேண்டிய நேரம்.

அதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பற்றிக் கேட்டுப் பார்ப்பது அவசியம். ரத்தசோகையோடு ஓடிக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் திட்டமிடல் குறிப்புகள் கொடுப்பது அநியாயம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பம் இல்லை, பசியும் தூக்கமும் மாறிவிட்டன என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். டெலி மானஸ் உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றே பேச வேண்டும்.

நின்றுபோனவர் திரும்பத் தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. முதல் வாரம் கீழ் வரம்பு மட்டும், அந்தப் 10 நிமிடம். இன்னும் செய்யலாம் போல இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். இரண்டாம் வாரம் 20, மூன்றாம் வாரம் 30. படிப்பென்றால் முதல் வாரம் புதிய பாடம் எதுவும் வேண்டாம், ஏற்கெனவே படித்ததையே புரட்டுங்கள். மறந்தது போலத் தோன்றும் பாடம் முதல் தடவைக்கு ஆன நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் திரும்பி வரும். இதையும் எபிங்ஹாஸ் அன்றே அளந்து காட்டியிருக்கிறார். நான்காம் வாரம் பழைய 45-க்குப் போகலாம்.