பிணைக் கையெழுத்துப் போடும் முன்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் அரச வேலையில் இருப்பவரிடம், அதிலும் ஆசிரியரிடம், யாராவது ஒருவர் வந்து "மாஸ்டர், லோனுக்கு ஒரு கையெழுத்துதானே" என்று கட்டாயம் கேட்டிருப்பார். மறுத்தால் ஊரில் கெட்ட பேர்.

நான் முதலில் கொழும்பில் தேயிலை ஏற்றுமதிக்கான கப்பல் பத்திரங்கள் எழுதினேன். அப்புறம் டுபாயில் ஒரு வங்கியின் எல்.சி. பிரிவு; எல்.சி. என்றால், கேட்ட பத்திரங்களைச் சரியாகக் காட்டினால் ஏற்றுமதியாளருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம். இப்போது மலையகத்தில் ஒரு கிளையில் கடன் மேசை. சம்பந்தமில்லாமல் தாவியிருக்கிறேன் என்பார்கள் சொந்தக்காரர்கள். ஆனால் மூன்று இடத்திலும் செய்தது ஒன்றுதான், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் யூ.சி.பி. 600 என்ற எல்.சி. விதிகளின் ஐந்தாம் பிரிவே அதைச் சொல்கிறது: வங்கிகள் கையாள்வது பத்திரங்களை, பொருட்களை அல்ல. தேயிலை எவ்வளவு தரமாக இருந்தாலும் இன்வாய்ஸில் உள்ள விவரம் எல்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால் வங்கி பணம் தர மறுக்கலாம்.

பிணையும், அதாவது கடனாளி கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று போடும் கையெழுத்தும், அப்படித்தான். உங்கள் நட்பு, சொந்தம் எதுவும் அந்தத் தாளில் இல்லை.

இலங்கையில் பிணைக்கு அடிப்படை, டச்சுக்காரர் காலத்திலிருந்து வரும் உரோமன் டச்சுச் சட்டம். அது பிணையாளருக்கு இரண்டு பாதுகாப்புகளைத் தருகிறது. முதலில் கடனாளியிடம் வசூலித்துப் பார், பிறகு என்னிடம் வா என்று கேட்கலாம். பிணையாளர்கள் இருவர் என்றால் கடனைப் பங்கு பிரிக்கச் சொல்லலாம். ஆனால் வங்கிகளின் அச்சடித்த பிணைப் பத்திரத்தில் வழக்கமாக இரண்டையுமே நீங்கள் விட்டுக்கொடுத்ததாக ஒரு வரி இருக்கும். "எனக்குப் பாதிதானே சேர்?" என்று கேட்பவர்கள் அந்த வரியை வாசிக்காதவர்கள். முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம். பத்திரம் 'தொடர் பிணை' என்றால், அதே ஆள் பின்னால் எடுக்கும் கடனுக்கும் உங்கள் கையெழுத்துப் பொருந்தலாம்.

2022 பொருளாதார நெருக்கடியின்போது அரச ஊழியர்கள் சம்பளமில்லா விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போக அனுமதி கிடைத்தது. போனவரைக் குறை சொல்ல மாட்டேன், நானே போனவன். ஆனால் சம்பளத்தில் வெட்டிக் கட்டும் கடன், சம்பளம் நின்றதும் தானாகக் கட்டப்படாது. தவணைக்கு வேறு ஏற்பாடு செய்யாமல் அவர் விமானம் ஏறினால் கடிதம் பிணையாளர் வீட்டுக்குத்தான் வரும்.

1990இல் சட்டத்தின் மூலம் உருவான கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், நாங்கள் கிரிப் என்று சொல்வதில், நீங்கள் பிணை நின்ற கடனும் தெரியும். நாளைக்கு வீடு கட்ட நீங்கள் லோன் கேட்கும்போது அதிகாரி முதலில் புரட்டுவது அதைத்தான். உங்கள் அறிக்கையை நீங்களும் எடுத்துப் பார்க்கலாம்.

சரி, முடியாது என்று சொல்ல முடியாத இடமா? பிணைத் தொகைக்கு உச்ச வரம்பு எழுதச் சொல்லுங்கள். கடனாளியின் உயிருக்குக் காப்புறுதி உண்டா என்று கேளுங்கள். ஆங்கிலப் பத்திரம் என்றால் தமிழில் விளக்கும்வரை பேனாவை எடுக்க வேண்டாம், பிரதி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கடிதத்தைப் பெட்டிக்குள் போடாமல் கிளைக்கு வந்து பேசுங்கள், தவணையை மாற்றிக் கேட்க வழி இருக்கலாம். நீங்கள் கட்டிய பணத்தைக் கடனாளியிடம் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் உரிமை உண்டு. அதற்குப் பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அவர் பெயரில் அல்ல.