ரெசின் வேலை தொடங்கும் முன் கைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

கண் இமை வீங்கி, தோல் உரிந்து வருபவர்களில் பலர் கண்மையையோ முகத்துக்குப் பூசும் கிரீமையோதான் சந்தேகிக்கிறார்கள். எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தும் அரிப்பு குறையவில்லை என்பார்கள். தோல் மருத்துவராக நான் அடுத்துக் கேட்பது, வீட்டில் கைவேலை ஏதாவது செய்கிறீர்களா என்று. "ரெசின் செய்கிறேன் டாக்டர், ஆனால் அது முகத்தில் படவே இல்லையே" என்று பதில் வரும். கையைத் திருப்பிப் பார்த்தால் விரலிடுக்கில் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள் இருக்கும்.

ரெசின், அதாவது திரவப் பிசினை ஊற்றி இறுகவைத்து நகையும் அலங்காரப் பொருளும் செய்வது, அழகான கலை. காய்ந்த பூவைக் கண்ணாடிக்குள் நிறுத்தி வைப்பது போன்ற அந்தத் தெளிவு யாரையும் இழுக்கும். அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. திரவமாக இருக்கும் ரெசின் தோலில் படவே கூடாது, அவ்வளவுதான். இந்த ஒரு பழக்கத்தை முதல் நாளிலேயே பிடித்துக்கொண்டால் இந்த வேலையைப் பல வருடம் நிம்மதியாகச் செய்யலாம்.

எபாக்சி என்ற வகை ரெசின் இரண்டு பாட்டில்களில் வரும்: ஒன்று ரெசின், மற்றொன்று அதை இறுகவைக்கும் ஹார்டனர். இரண்டும் கலந்து முழுதாக இறுகிய பிறகு பெரும்பாலும் தொந்தரவு தராது. இறுகும் முன் உள்ள சிறு மூலக்கூறுகள்தான் தோலுக்குள் புகுந்து, நம் நோய் எதிர்ப்பு அமைப்புக்கு எதிரியாகப் பதிந்துவிடுகின்றன. முதல் சில தடவை ஒன்றுமே தெரியாது. 'எனக்கு ஒத்துக்கொள்கிறது' என்று தைரியம் வந்துவிடும். அப்புறம் ஒருநாள் ஆரம்பிக்கும். அதுவும் பட்ட உடனே வராது, ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் வரும். அதனால் காரணம் பிடிபடுவதில்லை. அப்படிப் பதிந்த அலர்ஜி பொதுவாக ஆயுள் முழுக்க இருக்கும். பிறகு ஒரு துளி பட்டாலும் போதும்.

கையுறை போடுகிறேனே என்பவர்களிடம் எந்தக் கையுறை என்று கேட்பேன். லேடெக்ஸ் எபாக்சியைத் தடுக்காது. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை வாங்குங்கள். அதுவும் மெல்லிய, ஒருமுறை பயன்படுத்தும் வகை என்றால் ரெசின் சிந்தியதும் மாற்றிவிட வேண்டும். கழுவித் திரும்பப் போடாதீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: கலக்கும்போது போன் அடிக்கிறது, ரெசின் பட்ட கையுறையோடே எடுத்துப் பேசுகிறோம். வேலை முடிந்து கையுறையைக் கழற்றிய பிறகு அதே போன் கன்னத்துக்குப் போகிறது. பாட்டில் மூடியின் திருகில் எப்போதும் கொஞ்சம் பிசுபிசுப்பு இருக்கும். அதை வெறும் கையால் திறந்துவிட்டுக் கண்ணைக் கசக்கினால் போதும். இமையின் தோல் மிக மெல்லியது, அதனால் விரலைவிட இமையே முதலில் வீங்கும்.

கையில் பட்டுவிட்டால் பலர் அசிட்டோனோ ஸ்பிரிட்டோ போட்டுத் தேய்க்கிறார்கள். தோலின் மேலே உள்ள எண்ணெய்க் காப்பை அது கரைத்துவிடும், ரெசின் உள்ளே போக வழி செய்துகொடுக்கும். காய்ந்த டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

வாசனை வராத ரெசின் பாதுகாப்பானது என்று நம்ப வேண்டாம். அலர்ஜிக்கும் வாசனைக்கும் சம்பந்தமில்லை. காற்றோட்டமான இடத்தில், சமையலறைக்கு வெளியே, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வேலை செய்யுங்கள். சாதாரண முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய மாஸ்க் வேண்டும். உப்புத்தாள் தேய்க்கும்போது தூசிக்கு என்95 தேவை. அரைகுறையாக இறுகியதைத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசியில் இறுகாத ரெசின் இருக்கும்.

அளவும் ஆரோக்கியம் சார்ந்த விஷயம்தான். பாட்டிலில் 1:1 கன அளவு என்று போட்டிருந்தால் எடையில் 1:1 எடுக்கக் கூடாது, இரண்டுக்கும் அடர்த்தி வேறு. ஹார்டனர் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்பதும் தவறு. ஓரத்தையும் அடியையும் வழித்து, பொறுமையாக மூன்று நான்கு நிமிடம் கலக்குங்கள். விகிதம் தப்பினால் பென்டன்ட் பிசுபிசுவென்றே இருக்கும். அதைக் கழுத்தில் போட்டவருக்கும் அரிப்பு வரலாம். தொட்டால் கெட்டியாக இருக்கிறது என்பதற்காக அடுத்த நாளே அணியாதீர்கள். முழுதாக இறுக மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். தொடக்கத்தில் கொஞ்சமாகவே கலக்குங்கள். ஒரே கப்பில் நிறையக் கலந்து வைத்தால் சூடேறிப் புகையும், பிளாஸ்டிக் கப் உருகும்.

புதியவர்களுக்கு எளிது என்று சொல்லப்படும் யூவி ரெசினில், அதாவது புற ஊதா ஒளியில் இறுகும் வகையில், எனக்குக் கவலை அதிகம். அதில் இருப்பது அக்ரிலேட் என்ற வேதிப்பொருள். மெல்லிய நைட்ரைலைச் சில நிமிடங்களிலேயே தாண்டிவிடும். மேலே இறுகியிருந்தாலும் வண்ணம் அடர்த்தியாக இருந்தால் உள்ளே திரவமாகவே நிற்கும். இந்த அலர்ஜி வந்தவர்களுக்கு, அதே வகைப் பொருள் உள்ள ஜெல் நகப்பூச்சும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பல் அடைக்கப் போகும்போதும் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

அரிப்போ சிவப்போ தொடங்கினால் வேலையை நிறுத்துங்கள். கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கிரீமை நீங்களாகவே பூசிக்கொண்டு தொடர வேண்டாம். ரெசினைக் கையில் தடவிச் 'சோதித்து'ப் பார்க்கவும் வேண்டாம், அதுவே அலர்ஜியை உண்டாக்கலாம். எந்தப் பொருள் அலர்ஜி தருகிறது என்று கண்டறிய நாங்கள் செய்யும் பேட்ச் டெஸ்டில், நீர்த்த அளவை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்போம். ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்போம். வரும்போது பாட்டில்களின் லேபிளைப் படம் எடுத்து வாருங்கள், பாதுகாப்புத் தகவல் தாள் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். எந்தப் பொருளைச் சோதிக்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம்.