சிஸ்லாக்: கப்பலில் இருந்து போனுக்கு வந்த சொல்

ஜெயில்பிரேக் செய்த, அதாவது ஆப்பிளின் கட்டுப்பாடுகளை உடைத்த, ஐபோனில் ஏதாவது ட்வீக் (போன் இயங்கும் விதத்தை மாற்றும் சிறு மென்பொருள்) மக்கர் பண்ணுகிறது என்று உதவி கேட்டால், முதலில் வரும் பதில் 'சிஸ்லாக் அனுப்புங்க' என்பதுதான். சிஸ்டம் லாக் என்பதன் சுருக்கம். இயங்குதளமும் செயலிகளும் தாங்கள் செய்ததை, செய்ய முடியாமல் போனதை எல்லாம் நேரத்தோடு வரிவரியாக எழுதி வைக்கும் குறிப்பு இது.

லாக் என்றால் மரக்கட்டை. பாய்மரக் கப்பல்களில் வேகம் அளக்க, சம இடைவெளியில் முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் வீசி, மணல் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணுவார்கள் (கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்', அதாவது முடிச்சுக் கணக்கில் சொல்வது இதனால்தான்). அந்த எண்ணை எழுதிய புத்தகம் லாக் புக். பயணச் செய்திகள் எல்லாம் அதில் சேரச் சேர, நேரப்படி எழுதும் எந்தக் குறிப்புக்கும் லாக் என்றே பெயர் நின்றுவிட்டது. 1980களில் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக உருவாக்கியதுதான் சிஸ்லாக். அதில் செய்திகளுக்கு எட்டு நிலைகள்: 0 என்றால் பேரவசரம், 7 என்றால் வெறும் பிழைதேடும் குறிப்பு.

பழைய ஜெயில்பிரேக்குகளில் சிஸ்லாக்கின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்துப் போனை மறுதொடக்கம் செய்தால் எல்லாம் ஒரு கோப்பில் விழ ஆரம்பிக்கும். ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள், கோப்பு வளர்ந்துகொண்டே போய் இடத்தைத் தின்றுவிடும். பிழையைப் பிடித்ததும் நிறுத்திவிட்டுக் கோப்பைக் காலி செய்யுங்கள். 2016இல் ஐஓஎஸ் 10 வந்தபோது ஆப்பிள் வேறு முறைக்கு மாறிவிட்டது. இப்போது போனை மேக் கணினியில் இணைத்துக் கன்சோல் செயலியில் நேரடியாகவே பார்க்கலாம், அதற்கு ஜெயில்பிரேக்கே வேண்டாம்.

சரி, தமிழில்? பலரும் 'பதிவு' என்று எழுதுகிறார்கள், எனக்கு அது போதவில்லை. வலைப்பதிவும் பதிவு, ஒலிப்பதிவும் பதிவு, பெயர் சேர்ப்பதும் பதிவு, அப்புறம் இதுவும் பதிவு என்றால் படிப்பவர் குழம்பத்தான் செய்வார். தமிழ் விக்கிப்பீடியா லாகினுக்குப் 'புகுபதிகை', லாகவுட்டுக்கு 'விடுபதிகை' என்று வைத்திருக்கிறது, அந்தப் 'பதிகை'யையே இங்கும் எடுத்துக்கொள்ளலாம்: சிஸ்லாக் முறைமைப் பதிகை, லாக் ஃபைல் பதிகைக் கோப்பு. கிராஷ் லாக்கை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அது ஒரு செயலி நின்றுபோன கணத்தைப் பற்றிய அறிக்கை, தொடர்ந்து எழுதப்படும் குறிப்பு அல்ல. முறிவறிக்கை என்று தனியாகச் சொல்வதே சரி.