எஃப்எல்பி மோட்டாரும் ஊட்டியின் உயரமும்

சென்ற பனிக்காலத்தில், ஊட்டிக்கு அருகே நீலகிரித் தைலத்தை மறுபடி வடித்துப் பாட்டிலில் அடைக்கும் ஒரு கூடத்துக்கு மின்பாதுகாப்பு ஆய்வுக்காகப் போயிருந்தேன். அங்கிருந்த பம்பு மோட்டார் எஃப்எல்பி வகை (ஃப்ளேம்ப்ரூஃப், அதாவது உள்ளே பற்றும் தீ வெளியே பரவாதபடி அமைத்தது). அதன் டெர்மினல் பாக்ஸ் (கேபிளை இணைக்கும் பெட்டி) மூடியில் எட்டு போல்ட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆறே இருந்தன. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே சிலிக்கோன் பசை வெள்ளையாகப் பிதுங்கி நின்றது. "மழக்காலத்துல ஈரம் எறங்குதுங்க சார், அதான் அடச்சு வச்சேன்" என்றார் எலக்ட்ரீஷியன்.

எஃப்எல்பி பெட்டி என்பது அவர் எண்ணியதுபோலக் காற்றுப் புகாத பெட்டி அன்று. பகலில் சூடேறி இரவில் குளிரும் பெட்டி வெளிக்காற்றை உள்ளிழுக்கத்தான் செய்யும். அதோடு எரியும் ஆவியும் நுழைந்து உள்ளே தீப்பற்றினால், அந்த வெடிப்பை உடையாமல் தாங்கி, நுட்பமாகக் கடைந்த இரு உலோகப் பரப்புகளின் இடுக்கு வழியே தீச்சுவாலையைக் குளிரவைத்து வெளிவிடுவதே அதன் வேலை. இரண்டு போல்ட்டுகள் குறைந்தாலும், சாதாரணப் பிவிசி கிளாண்ட் (கேபிள் நுழையும் துளையை இறுக்கும் பாகம்) வழியாகக் கேபிளைச் செருகினாலும், அது வெறும் கனமான பெட்டிதான். அந்தப் பரப்பில் பெயின்டும் இறுகும் பசையும் கூடாது. துரு பிடிக்காமலிருக்க இறுகாத கிரீஸ் போதும்.

மலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது உயரத்தை. இத்தகைய கருவிகளுக்கான ஐஇசி 60079 என்ற சர்வதேசத் தரநிலைத் தொடர், காற்றழுத்தம் 80 முதல் 110 கிலோபாஸ்கல் வரை உள்ள சூழலையே கணக்கில் கொள்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் அது ஏறத்தாழ 77தான். வழக்கமான மோட்டார்களின் திறனோ 1,000 மீட்டர் வரைக்குமே குறிக்கப்படுகிறது. அதற்கு மேல் மெல்லிய காற்று மோட்டாரைச் சரிவரக் குளிர்விக்காது என்பதால், மோட்டாரின் மேற்பரப்புச் சூட்டுக்கு டி4 என்ற முத்திரை உறுதிசொல்லும் 135 டிகிரி வரம்பை முழுச்சுமையில் அப்படியே நம்பிவிட முடியாது. தைலத்தின் கதையும் இதுதான்: கடல்மட்டத்தில் ஏறத்தாழ 49 டிகிரியில் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் எண்ணெய், ஊட்டியின் அழுத்தத்தில் சுமார் 6 டிகிரி முன்னதாகவே அந்நிலையை எட்டிவிடும்.

குளிர்ந்த அறையில் மூடி வைத்த தைலம் அப்படியொன்றும் ஆபத்தானதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வடிகலனின் சூடும், தைலம் ஊறிய கழிவுப் பஞ்சும், குளிருக்காக மூலையில் சிவந்து எரிந்த ஹீட்டரும் சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, ஆவி கசியாமல் அடைப்பது, தேங்காமல் வெளியேற்றுவது, தீமூட்டக்கூடியவற்றை விலக்குவது அல்லது அடைத்து வைப்பது எனக் கடமைகளை வகுத்தது. இங்கே கடைசிக் கடமைக்காக விலையுயர்ந்த மோட்டாரை வாங்கிவிட்டு, குளிர் தாங்காமல் சன்னல்களைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்தியிருந்தார்கள். அந்த ஃபேன் இருந்ததும் கூரையோரம். தைல ஆவியோ காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும்.

விடுபட்ட போல்ட்டுகளை அதே தரத்தில் தயாரிப்பாளரிடமே வாங்கவும், இயங்கும் இடத்தின் உயரத்தைக் கடிதத்தில் குறிப்பிட்டு எழுத்தில் பதில் பெறவும் சொன்னேன். அதுவரை பம்பை நிறுத்திவைக்க உரிமையாளர் உடனே ஒத்துக்கொண்டார்; ஹீட்டரை அலுவலக அறைக்கு மாற்றத்தான் அரை மணி நேரம் பேச வேண்டியிருந்தது.