வைக்கோலுக்கு யூரியா போடலாமா?

மேலூர்ப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி: "வயலுக்குப் போடுற யூரியாவை வைக்கோல்ல தெளிச்சு மாட்டுக்குப் போடச் சொல்றாங்க. மாடு செத்துப்போகாதா சார்?"

நியாயமான பயம். யூரியா கரைத்த வாளியில் வாய் வைத்துச் செத்த மாட்டைப் பற்றி எந்த ஊரில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனாலும் அவருக்குச் சொன்னவர்கள் சொன்னது சரிதான்.

மாட்டுக்கு நாலு அறை இரைப்பை என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். முதல் அறையில், ஒரு மில்லி சாற்றில் ஆயிரம் கோடி பாக்டீரியா வரை இருக்கும். வைக்கோலைச் செரிப்பது அவைதான், மாடு இல்லை. அரிசியில் இருக்கும் அதே குளுக்கோஸ்தான் வைக்கோலிலும் செல்லுலோஸ் என்ற நாராக இருக்கிறது. மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னினும், மணலில் இருக்கும் சிலிகாவும் அதைப் பூட்டி வைத்திருக்கின்றன. நெல்லுத்தோகை கையைக் கிழிக்கிறதே, அது சிலிகாவின் வேலை.

இன்னொரு குறை புரதம். வைக்கோலில் 3, 4 சதவீதம்தான். தீவனத்தில் 7 சதவீதமாவது இல்லாவிட்டால் பாக்டீரியாக்கள் சோர்ந்துபோகும். கடலைக்கொடியில் ஏறக்குறைய 10 இருக்கிறது. அதனால்தான் அதற்கு மவுசு.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். பாக்டீரியாவுக்குப் புரதமே வேண்டியதில்லை, அமோனியா போதும். அதிலிருந்து தன் உடம்பையே கட்டிக்கொள்ளும். பிறகு நாலாவது அறைக்கு அடித்துச் செல்லப்பட்டு, அமிலத்தில் செத்து, மாட்டுக்கே புரதமாகும். மிஞ்சிய அமோனியாவைக் கல்லீரல் யூரியாவாக்குகிறது. நாம் அதை மூத்திரத்தில் விட்டுவிடுவோம். மாடோ, தீவனம் மட்டமாக இருக்கும் காலத்தில், அதில் பெரும்பங்கை எச்சில் வழியாகவும் இரைப்பைச் சுவர் வழியாகவும் முதல் அறைக்கே திருப்பி அனுப்புகிறது. மரத்தடியில் கண்ணை மூடி அசைபோடும் மாடு, நாளுக்கு நூறு லிட்டருக்கு மேல் எச்சில் விழுங்கி, தனக்குத்தானே யூரியா போட்டுக்கொண்டிருக்கிறது!

பின்லாந்தின் விர்த்தனேன் இதை ஓர் எல்லைக்கே கொண்டுபோய்ப் பார்த்தார். தீவனத்தைக் கெடாமல் பாதுகாக்கும் முறைக்காக 1945இல் வேதியியல் நோபல் வாங்கியவர். புரதமே இல்லாமல் யூரியாவும் அம்மோனிய உப்பும் சேர்த்த தீவனத்தில் மாடுகளை வளர்த்தார். அவை பாலும் கறந்தன.

அப்படியானால் வாளித் தண்ணீர் ஏன் கொல்கிறது? வேகம்தான் காரணம். மொத்த யூரியாவும் சட்டென்று அமோனியாவாகி ரத்தத்தில் ஏறினால் கல்லீரல் சமாளிக்காது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு 21 நாள் மூடினால் கதை வேறு. பெரும்பாலான யூரியா அந்த வைக்கோல் படப்புக்குள்ளேயே அமோனியாவாகி, லிக்னின் பூட்டைத் தளர்த்திவிடுகிறது. புரத அளவும் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

போன கோடையில் திருமங்கலம் பக்கம் ஒரு தொழுவில் பார்த்தேன். பால் வற்றிய மாட்டின் கழுத்தில் புதுக் கறுப்புக் கயிறு, கண் பட்டுவிட்டதாம். முன்னால் கிடந்தது மிஷின் சுற்றிய வைக்கோல் உருளை மட்டும். கயிற்றுக் காசுக்குக் கொஞ்சம் புண்ணாக்கு வாங்கியிருக்கலாம். நெல் ரகம் உருவாக்குகிறவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. நெல்மணி எத்தனை மூட்டை என்று கணக்குப் பார்ப்பவர்கள், வைக்கோலை மாடு எவ்வளவு செரிக்கும் என்பதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம்.

மேலூர்க்காரருக்கு: படப்பைப் பிரிக்கும்போது கண் எரியும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் உருவி, நெடி போகும்வரை உலர்த்திப் போடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு வேண்டாம். முதல் இரண்டு நாள் மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும். சாதா வைக்கோலோடு கலந்து போட்டால் பழகிவிடும்.