போத்தல் நண்டில் நீலம் தேடாதீர்கள்

குருநகரில் வாங்கும் ஆண் நீல நண்டின் கால் நிறத்தை யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே நண்டைப் பார்த்து வரைவதற்கான மாதிரியாக 70 சதவீத அற்ககோல் போத்தலில் போட்டு வைத்தால் நாளடைவில் செம்மஞ்சளாகிவிடும். கறிச்சட்டியில் நடப்பதுதான் போத்தலிலும் நடக்கிறது. அஸ்டாசாந்தின் என்ற செந்நிறப் பொருளை ஒரு புரதம் பிடித்து வைத்திருக்கும்வரை ஓடு நீலம். சூடோ அற்ககோலோ அந்தப் புரதத்தைக் குலைத்ததும் சிவப்பு வெளிப்படுகிறது. ஆய்வுகூடப் போத்தலைப் பார்த்து வர்ணம் தீட்டும் மாணவர் தாளில் அவித்த நண்டைத்தான் வைக்கிறார்.

பதப்படுத்திய மாதிரியை நம்பி ஏமாறுவது பழைய சிக்கல். நியூகினியில் கால் வெட்டிப் பதப்படுத்திய சொர்க்கப் பறவைத் தோல்களே ஐரோப்பாவுக்குப் போயின. நிலத்தில் இறங்காத பறவை என்று அங்கே நம்பினார்கள். 1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் இட்ட அறிவியற் பெயரிலும் ‘காலில்லாதது’ என்ற பொருள் தங்கிவிட்டது. 1772இல் ஆங்கில ஓவியர் ஜோர்ஜ் ஸ்டப்ஸ் கங்காருவை வரைந்ததும் கப்பலில் வந்த தோலை வைத்துத்தான்; உயிருள்ளதை அவர் கண்டதில்லை. நமக்கு வாய்த்தது மேல். ஒல்லாந்த ஆளுநர் லோட்டன் (1752–1757) இலங்கையிலேயே டி பெவெரே என்ற ஓவியரை வைத்துப் பறவைகளை வரைவித்தார். உயிரினம் வாழும் ஊரிலேயே ஓவியரும் இருப்பது பெரிய வசதி. அதை நாமும் விடக்கூடாது.

ஆகவே நிறத்தை முதலில் எழுதுங்கள். நண்டு வாங்கிய காலையிலேயே, நிழலான பகல் வெளிச்சத்தில், ஓடு, இடுக்கி, கால் நுனி, கண் என்று தனித்தனியாக வர்ணத் துண்டு தீட்டி வையுங்கள். உயிரோடு அற்ககோலில் போட்டால் கால்களைக் கழற்றிவிடும். முதலில் உறைய வையுங்கள். பதப்படுத்தப் பயன்படும் இன்னொரு திரவமான போர்மலின் நண்டுக்கு உகந்ததல்ல, அதன் அமிலம் ஓட்டின் சுண்ணாம்பை அரிக்கும். போத்தலுக்குள் இடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை அற்ககோலில் கரைந்து போகும்.

வடிவத்தை வரையப் போத்தலில் வைத்த நண்டு நல்ல உதவி. ஆனால் போத்தலுக்கு வெளியே நின்று வரையாதீர்கள்: திரவம் நிறைந்த உருளைக் கண்ணாடி வில்லைபோல வேலைசெய்து நண்டை அகலமாக்கிக் காட்டும். தட்டில் எடுத்து, நண்டு மூழ்கத் தண்ணீர் விட்டால் ஈரப் பளபளப்பு கண்ணை ஏமாற்றாது. ஓட்டின் அகலத்தை வேர்ணியர் இடுக்கிமானியால் அளந்து, தாளில் அளவுக்கோடு போட்ட பிறகே புறவரைவு. முன்பக்க ஓரத்தில் பக்கத்துக்கு 9 பற்கள். ஒன்பதாவது மட்டும் நீண்ட முள். இதை எண்ணாமல் ‘ரம்பம்போல’ இழுத்துவிடுவதுதான் அதிகம் காணும் பிழை. அடுத்து கவனிக்க வேண்டியது கடைசிக் காலின் துடுப்பு. சுருங்கிய மாதிரியில் அது மடிந்து கிடக்கும், விரித்துப் பாருங்கள்.

படத்தின் அடியில் இடம், திகதி, ஆணா பெண்ணா, அற்ககோலில் எத்தனை காலம் இருந்தது, நிறம் எதிலிருந்து எடுத்தது என்று எழுதுங்கள். நிறக்குறிப்பு இல்லாத பழைய மாதிரியென்றால் பென்சிலோடு நிறுத்திவிடுங்கள்.