தகைவு முறிவு: ‘ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்’ தமிழில் எப்படி வழங்கலாம்?

2019 செப்டம்பரில் ஜஸ்பிரீத் பும்ரா தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட் தொடரிலிருந்து விலகினார். கீழ்முதுகில் சிறிய ‘ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்’ என்பது காரணம்; ஒரே அடியில் அல்லாமல், மீண்டும் மீண்டும் விழும் சுமையால் எலும்பில் உண்டாகும் முறிவு அது. இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘அழுத்த முறிவு’ என்ற தொடர்தான் முதலில் கைக்கு வருகிறது. அதை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

‘அழுத்தம்’ என்றவுடன் படிப்பவர் மனம் மன அழுத்தத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ போகிறது. அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. முதுமையில் எலும்பு மெலிந்து, முள்ளெலும்பு மேலிருந்து வரும் எடை தாங்காமல் நசுங்குவதையும் ‘அழுத்த முறிவு’ என்றே சொல்ல நேரிடும். அது வேறு நோய். ‘அமுக்க முறிவு’ என்பது அதற்குப் பொருந்தும். இளம் பந்துவீச்சாளரின் முதுகுக்கும் மூதாட்டியின் முதுகுக்கும் ஒரே பெயரைச் சூட்டினால் இருவருக்குமே தீங்கு.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘ஸ்ட்ரிங்கெரே’ என்றால் இறுக்கிக் கட்டுதல். நெருக்கடி, துன்பம் என்ற பொருள்களில் வழங்கிவந்த ‘ஸ்ட்ரெஸ்’ஸைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொறியியல் எடுத்துக்கொண்டது. வெளியிலிருந்து விசை தாக்கும்போது, ஒரு பொருள் தனக்குள் ஓரலகு பரப்பில் எழுப்பும் எதிர்விசை என்று அதற்குத் துல்லியமான பொருள் கிடைத்தது. மன உளைச்சல் என்ற இன்றைய பொருள் அதற்கும் பின்னால் வந்தது. எலும்பு மருத்துவம் வாங்கிக்கொண்டது பொறியியல் பொருளைத்தான்.

அந்தப் பொருளுக்குத் தமிழ் இயற்பியல் பாடநூல்களில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: தகைவு. அதன் இணைச்சொல் திரிபு. விசைக்கு உட்பட்ட பொருள் உருமாறும் அளவு. ‘தகைதல்’ என்றால் தடுத்தல்; கட்டுதல் என்ற பொருளும் உண்டு. எதிர்த்துத் தடுக்கும் உள்விசைக்கு இதைவிடப் பொருத்தமான வேர் வாய்க்காது. இலத்தீன் வேரும் கட்டுவதையே குறிக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.

நோய் மட்டும் பெயரைவிட மூத்தது. 1855இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுநடைக்குப் பின் வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதிவைத்தார். எலும்பு முறிந்திருக்கும் என்று அவர் எண்ணவில்லை. 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தார். இரண்டே ஆண்டுகளில் அந்தப் பாதங்களுக்குள் இருந்த முறிவு படத்தில் தெரிந்தது. அதனால் ‘அணிநடை முறிவு’ என்ற பொருளில் ஒரு பெயர் நெடுநாள் வழங்கியது.

ஒரு கம்பியை மாறி மாறி வளைத்தால் ஒரு கட்டத்தில் அற்றுப்போகும். எந்த ஒரு வளைப்பும் தனியாக அதை அறுக்கவில்லை. எலும்பிலும் இப்படித்தான் நுண்கீறல்கள் சேர்கின்றன. ஆனால் எலும்பு உயிருள்ளது. பழுதைத் தானே நீக்குகிறது. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்கள் முதலில் வருகின்றன. புதிதாகக் கட்டும் செல்கள் பின்னால் வருகின்றன. அரிப்பது சில வாரம், கட்டி முடிப்பது சில மாதம். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்னைவிட வலுக்குறைந்திருக்கிறது. பயிற்சியைத் திடீரென்று கூட்டும் ஓட்டக்காரர் அந்த நேரத்தில்தான் அகப்படுகிறார். உழைப்புக்கேற்ற உணவு இல்லாதபோது கட்டும் வேலை மேலும் பிந்துகிறது. இந்த உணவுக் குறைவால் வீராங்கனைகளுக்கு மாதவிடாய் நின்றுபோவதை ‘கடும் பயிற்சியில் இதெல்லாம் சகஜம்’ என்று ஒதுக்கும் பயிற்சியாளர்களை நினைத்தால் கோபம் வருகிறது; எலும்பு தரும் முன்னெச்சரிக்கை அது.

ஆகவே ‘முறிவு’ என்ற சொல் கடைசிக் கட்டத்துக்கு உரியது. அதற்கு முன்பே எலும்பு மச்சையில் (மஜ்ஜையில்) நீர்க்கோப்பு, அதாவது நீர் சேர்ந்த வீக்கம், தோன்றுகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும். இந்தத் தொடக்க நிலையிலிருந்து முறிவு வரை முழுவதையும் குறிக்க மருத்துவர்கள் இப்போது ‘போன் ஸ்ட்ரெஸ் இஞ்சுரி’ என்கிறார்கள். தமிழில் அது ‘எலும்புத் தகைவுக் காயம்’. ‘எக்ஸ்ரேயில் முறிவு இல்லை’ என்று கேட்டவுடன் மறுநாளே ஓடப் போகும் வீராங்கனைக்கு இந்தப் பெயர் உண்மையைச் சொல்லும்: முறியவில்லை, ஆனால் காயம் இருக்கிறது. தொடையெலும்பின் கழுத்திலோ பாதத்தின் படகெலும்பிலோ வந்துவிட்டால் அந்த ஓர் ஓட்டத்தின் விலை அறுவை சிகிச்சையாகக்கூட இருக்கலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களுக்கு முன் பிரிட்டனின் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃபுக்குத் தொடையெலும்பில் இதே முறிவு. அவர் மாரத்தானை 23ஆம் இடத்தில் முடித்தார்.

‘விரிசல்’ போதாதா என்று கேட்கலாம். பேச்சுக்குப் போதும், அழகான சொல்லும்கூட. ஆனால் அது காரணத்தைச் சொல்வதில்லை. விழுந்து அடிபட்டாலும் விரிசல்தான். ‘களைப்பு முறிவு’ என்பதோ தசையின் அயர்ச்சியை நினைவூட்டிவிடுகிறது.

எழுதும்போது ஒற்றைக் கவனிக்க வேண்டும். ‘தகைவு முறிவு’ என்பதில் ஒற்று மிகாது. ‘தகைவுக் காயம்’ என்பதில் மிகும். எந்த எலும்பு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள பெரிய எலும்பு என்றால் ‘கீழ்க்கால் உள்ளெலும்பில் தகைவு முறிவு’ என்று எழுதுங்கள்.